ட்ரோன் தேர்வும் தமிழ்த்துறையின் கடனும்

தேர்வு என்றால் தேனி மாவட்டத்து மாணவனுக்கு நெடுங்காலமாக இரண்டே பொருள்தாம். ஒன்று பல்கலைக்கழகத் தேர்வு; மற்றொன்று அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வு. அண்மைக் காலத்தில் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. ட்ரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தியை இயக்குவதற்குச் சான்றிதழ் பெற விழைவோர் எழுத வேண்டிய அறிவுத் தேர்வு அது. திராட்சைத் தோட்டத்திற்கு மருந்தடிக்க, திருமணத்தைப் படம்பிடிக்க, நிலத்தை அளக்க எனப் பல நோக்கங்களோடு நம் மாணவர் சிலர் இதற்குப் படித்து வருகின்றனர். தமிழ் இலக்கியம் கற்பிப்பவருக்கும் இத்தேர்வுக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவக்கூடும். தொடர்பு உண்டு என்பதே நம் துணிபு. அதனை விளக்கவே இக்கட்டுரை.

முதலில் இத்தேர்வு யாது என்று பார்ப்போம். இந்திய ஒன்றிய அரசு 2021 ஆகத்துத் திங்களில் ட்ரோன் விதிகளை வெளியிட்டது. எடையைக் கொண்டு ட்ரோன்களை ஐந்து வகையாக அவ்விதிகள் பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ. 2 கிலோ வரை மைக்ரோ. 25 கிலோ வரை சிறியது. 150 கிலோ வரை நடுத்தரம். அதற்கு மேல் பெரியது. நானோ வகைக்கும், வணிக நோக்கமின்றிப் பறக்கவிடும் மைக்ரோ வகைக்கும் சான்றிதழ் வேண்டியதில்லை. ஏனையவற்றை இயக்குவோர் அரசின் ஒப்புதல் பெற்ற பயிற்சி நிறுவனம் ஒன்றில் பயின்று, தேர்வில் தேறிச் சான்றிதழ் பெற வேண்டும். பத்து லிட்டர் மருந்தைச் சுமந்து தெளிக்கும் வேளாண் ட்ரோன்கள் பெரும்பாலும் 'சிறியது' என்னும் வகையில் அடங்குவன. பெயர்தான் சிறியது. நிறை சுமையோடு தலைக்கு மேல் பறக்கும்போது அதன் பொறுப்பு சிறியதன்று.

யார் எழுதலாம்? 18 அகவை நிரம்பி 65ஐக் கடவாதவர், பத்தாம் வகுப்புத் தேறியவர் எழுதலாம். இங்கே ஒரு செய்தியை அன்பர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். 2018இல் வந்த பழைய நெறிமுறை, பத்தாம் வகுப்பில் ஆங்கிலமும் தேறியிருக்க வேண்டும் என்றது. 2021ஆம் ஆண்டு ஆகத்து விதிகளில் அந்த நிபந்தனை இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அஃதாவது, சட்டம் ஆங்கிலத்தை வாயிற்படியிலிருந்து அகற்றிவிட்டது. ஆனால் உள்ளே சென்று அமர்ந்தால் என்ன காண்கிறோம்? நம் மாணவர் கொணர்ந்து காட்டிய குறிப்பேடுகள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தன. பயிற்றுநர் வாய்மொழியாகத் தமிழில் விளக்குவதுண்டு. கையில் இருக்கும் ஏடு ஆங்கிலம், எதிர்கொள்ளும் வினாவும் ஆங்கிலம். தமிழ்வழியில் பயின்ற பிள்ளை இதற்கு என்ன செய்யும்? எப்போதும் செய்வதையே செய்கிறது. வினாவையும் விடையையும் சேர்த்து நெட்டுரு போடுகிறது.

நெட்டுரு போடுவதை நாம் இகழவில்லை. நன்னூலையும் நிகண்டையும் நெட்டுருவாகவே நம் முன்னோர் கற்றனர். ஆயினும் அவர்கள் கற்ற நூற்பா ஆண்டுதோறும் மாறவில்லை. ட்ரோன் சட்டமோ சில ஆண்டுகளுக்குள் பல முறை மாறியது. 2018இல் ஒரு நெறிமுறை. 2021 மார்ச்சில் ஒரு விதித்தொகுப்பு. அதே ஆண்டு ஆகத்தில் அதனை நீக்கிப் புதியதொன்று. 2022 பெப்ருவரித் திருத்தத்தில் 'உரிமம்' என்ற ஏற்பாடே போய், பயிற்சி நிறுவனம் வழங்கும் 'சான்றிதழ்' வந்தது. 2023இல் கடவுச்சீட்டு இல்லாதவர் வேறு அரசு அடையாள ஆவணத்தைக் காட்டலாம் என்று மற்றொரு திருத்தம். பழைய வினா விடைத் தொகுப்பை நகலெடுத்து மனனம் செய்பவன், நேற்றைய சட்டத்திற்கு இன்று விடை எழுதுகிறான். பொருளறிந்து கற்றவன் மட்டுமே மாற்றத்தை மாற்றமாக அறிந்துகொள்வான்.

இவ்விடத்தில் புறநானூற்றை நினைவூட்ட ஒருவர் கட்டாயம் எழுவார். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய 27ஆம் பாடலில், செலுத்துபவன் இல்லாமலே செல்லும் வானவூர்தி பேசப்படுகிறது. ஆகவே ட்ரோன் நமக்குப் புதிதன்று என்பார். மேடைக்கு நல்ல கைதட்டல் கிடைக்கும். அப்பாடல் நல்வினை செய்து புகழ்பெற்றோர் எய்தும் துறக்கத்தைப் பற்றியது, பொறியியலைப் பற்றியதன்று. ஆயினும் அப்பாடலிலிருந்து நாம் பெறத்தக்க ஒன்று உண்டு. தேரையும் ஊர்தியையும் செலுத்துபவனைக் குறிக்கும் 'வலவன்' என்ற அழகிய சொல் அது. இன்றைய ட்ரோனுக்கு வலவன் இருக்கிறான். தரையில் நிற்கிறான் என்பதே வேறுபாடு. ஊர்தியில் ஆள் இல்லை என்பதால் பொறுப்புக்கும் ஆள் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. விதியை மீறினால் ஓரிலக்கம் ரூபாய் வரை தண்டம் விதிக்க 2021 விதிகள் இடம் தந்ததும் அந்த வலவனைக் கருதியே. இக்கட்டுரையில் இனி அவனை 'தொலைவலவன்' என்றே அழைப்போம்.

தொலைவலவனுக்குரிய பாடத்திட்டத்தில் என்னென்ன உள்ளன? வான்வெளிச் சட்டம், பறத்தலின் அடிப்படை, வானிலை, வானொலி உரையாடல், மின்கலப் பேணுகை, இடர் நேரும்போது செய்ய வேண்டுவன முதலியன. பெயர்களைப் பார்த்தால் பட்டணத்துக் கல்வி போலத் தோன்றும். கம்பம் பள்ளத்தாக்கில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் நம் ஊர்ப் பாடமே. சிலவற்றைச் சொல்லிப் பார்ப்போம்.

விதி சொல்கிறது: பச்சை மண்டலத்தில் தரையிலிருந்து 400 அடி, அஃதாவது 120 மீட்டர் உயரம் வரை தனி ஒப்புதலின்றிப் பறக்கவிடலாம். '400 அடி' என்று நெட்டுரு போட்டவன் தேர்வில் மதிப்பெண் பெறுவான். அவனே ஒரு நாள் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரமுள்ள மேகமலையின் விளிம்பில் நின்று, 50 மீட்டர் உயரத்தில் ட்ரோனைப் பள்ளத்தாக்கின் மேலாக முன்னோக்கிச் செலுத்துகிறான் என்று கொள்வோம். கையிலுள்ள கருவி 50 மீட்டர் என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஏனெனில் அது கிளம்பிய இடத்தை வைத்து அளக்கிறது. கீழே தரையோ பல நூறு மீட்டர் சரிந்துவிட்டது. ட்ரோன் ஓர் அடிகூட ஏறவில்லை, விதி மீறப்பட்டுவிட்டது. இதன் மறுதலையும் உண்டு. அடிவாரத்திலிருந்து மலையை நோக்கி அதே உயரத்தில் செலுத்தினால், எழுந்து வரும் சரிவில் மோதும். சமவெளிக்காரனுக்கு இது நுணுக்கம். நமக்கு இதுவே முதற்பாடம்.

அடுத்தது காற்று. தமிழன் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டவன். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கே வாடை, தெற்கே தென்றல். தென்மேற்குப் பருவக் காலத்தில் மேற்கு மலைத்தொடரின் இடைவெளிகளில் புகுந்து வரும் காற்றே தமிழ்நாட்டின் காற்றாலைகளுக்கு உயிர். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகியவற்றோடு கம்பம் கணவாயும் அவ்வரிசையில் எண்ணப்படுகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் சுழலும் காற்றாலைகளே அதற்குச் சான்று. இக்காற்றில் ட்ரோன் என்னாகும்? எளிய கணக்கொன்று போடுவோம். நொடிக்கு 10 மீட்டர் விரைவில் பறக்கும் ட்ரோன், நொடிக்கு 7 மீட்டர் வீசும் காற்றின் போக்கிலேயே ஒரு நிமிடம் செல்கிறது. தரையை ஒட்டிப் பார்த்தால் நொடிக்கு 17 மீட்டர். கடந்த தொலைவு 1020 மீட்டர். திரும்பும்போது காற்றை எதிர்க்க வேண்டும். நொடிக்கு 3 மீட்டரே முன்னேறும். ஒரு நிமிடத்தில் சென்ற தொலைவைத் திரும்பிக் கடக்க 5 நிமிடம் 40 நொடி ஆகும். மின்கலத்தில் பாதி இருக்கும்போது திருப்பினால் போதும் என்று எண்ணியவனின் ட்ரோன் யாரோ ஒருவர் தோட்டத்தில் விழும். இந்தக் கணக்கைத் தமிழில் சொன்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். ஆற்றில் படகு செலுத்தும் கணக்கு இதுதானே! ஆங்கிலக் கலைச்சொல்லும் 'நாட்' என்ற அளவும் சேர்ந்து வரும்போதுதான் நம் பிள்ளை மிரள்கிறது. ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர் என்று ஒரு வரி சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

காற்று வேறொரு வகையிலும் பொறுப்பைத் தருகிறது. பன்னீர்த் திராட்சையால் பெயர்பெற்ற ஊர் கம்பம். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. திராட்சையோ பந்தலில் படர்வது. குலைகள் இலைக்கூரைக்குக் கீழே தொங்குவன. மேலிருந்து தெளிக்கும் மருந்து இலையைத் தாண்டிக் குலையை எட்டுமா என்பது ஒரு வினா. காற்று அடிக்கும்போது அம்மருந்து வரப்பைத் தாண்டி எங்கே போய்ப் படியும் என்பது அதனினும் பெரிய வினா. பக்கத்துத் தோட்டம் மல்பெரியாக இருந்தால், அந்த இலையை உண்ணும் பட்டுப்புழுக்கள் மடியும். ஓராளின் ஒரு காலை வேலை, அயலாரின் ஒரு பருவ உழைப்பை அழித்துவிடும். தேர்வு வினாத்தாளில் இது ஒரு மதிப்பெண் வினாவாக இருக்கலாம். ஊரில் இது பஞ்சாயத்து.

இனி விலங்குகள். 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானல் பகுதியில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் என்ற காட்டுயானை பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டதும், அது மேகமலைப் பக்கம் சுற்றி மே 27 அன்று கம்பம் நகருக்குள்ளேயே புகுந்ததும் அன்பர்கள் அறிந்ததே. நகரில் 144 தடையுத்தரவு போடப்பட்டது. அப்போது புளியந்தோப்பொன்றில் ஒதுங்கி நின்ற யானையைப் படம்பிடிக்க ஒருவர் ட்ரோனைப் பறக்கவிட்டார். அதன் ஓசையில் யானை மிரண்டு இடம்பெயர்ந்தது. அவர் கைதானார் என்று நாளிதழ்கள் எழுதின. பின்னர் ஜூன் 5 அன்று யானைக்கு மயக்க ஊசி செலுத்திப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டனர்.

அந்த ஒருவரைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஊரே கைபேசியும் கையுமாக யானையைத் துரத்திய நாள் அது. ஆனால் கென்யாவிலும் தான்சானியாவிலும் பயிர்மேயும் யானைகளை விளைநிலத்திலிருந்து விரட்டுவதற்கென்றே ட்ரோன்களைப் பயன்படுத்துகின்றனர் என்ற செய்தி நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? விரட்டும் கருவி ஒன்றை, அசையாமல் நிற்கவேண்டிய யானையின் மேல் ஏவினோம். 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டதால் நம் மாவட்டத்து இளைஞனுக்குக் காடு வீட்டு வாசலில் இருக்கிறது. சான்றிதழ் வேண்டாத சிறு ட்ரோனாயினும் யானையின் செவிக்கு அதுவும் ஓசைதான். ஆகவே இந்த அறிவு தேர்வு எழுதுவோர்க்கு மட்டும் உரியதன்று. ஊரில் உலவ வேண்டியது. ஊரில் உலவ வேண்டிய அறிவு ஊரின் மொழியில் அல்லவா இருக்க வேண்டும்?

இன்னும் ஒன்று. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயை நாம் மறக்கவியலாது. மலையேற்றம் சென்றோர் பலர் மாண்டனர். மீட்புப் பணிக்கு வான்படையின் உலங்கூர்திகள் வந்தன. ஆளேறிய வானூர்திக்கு ஆளில்லாதது எப்போதும் வழிவிட வேண்டும் என்பது பாடத்திட்டத்தில் ஒரு வரி. மீண்டும் அப்படியொரு நாள் வருமாயின், 'நானும் உதவுகிறேன்' என்று ஒருவன் தன் ட்ரோனை மேலே அனுப்பினால், உலங்கூர்தி கீழிறங்க இயலாது போகும். உதவி செய்யும் எண்ணம் மட்டும் போதாது என்பதை அந்த ஒரு வரி கற்பிக்கிறது. ஏன் என்று விளங்கிக் கற்றவனுக்கே நெருக்கடியில் அது நினைவுக்கு வரும்.

இப்போது நம் துறைக்கு வருவோம். வானூர்தி இயலின் மொழி ஆங்கிலம். அதைத் தமிழில் கற்பித்தால் பிள்ளைகள் பின்தங்குவர் என்று நண்பர்கள் சிலர் கூறுகின்றனர். இதில் ஓரளவு உண்மை உண்டு. வானொலியில் கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேசும் சொற்றொடர்கள் உலகெங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அவற்றை மொழிபெயர்க்கத் தேவையில்லை, கூடாது. ட்ரோன், பேட்டரி, ஜிபிஎஸ் என்பன உழவர் வாயிலும் புழங்கிவிட்டன. அவற்றோடு மல்லுக்கு நிற்பதும் வீண். நாம் வேண்டுவது விளக்கம் தமிழில் இருக்க வேண்டும் என்பதே. ஐரோப்பாவில் ட்ரோன் தேர்வைப் பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சிலும் செருமானியர் செருமன் மொழியிலும் எழுதுகின்றனர். அவர்கள் ட்ரோன்கள் கீழே விழுந்துவிடவில்லை. அமெரிக்காவில் 60 வினாக்கள், 70 விழுக்காடு மதிப்பெண், எல்லாம் ஆங்கிலத்தில். அது அவர்கள் மொழி. அவ்வளவு தொலைவு போவானேன்? நம் மாநிலத்தில் வண்டியோட்டப் பழகுநர் உரிமம் பெறுவோர் சாலை விதித் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். தரைக்குத் தகுதியுள்ள மொழி 400 அடி உயரத்திற்குத் தகுதியற்றதா?

முன்னோடிகள் நமக்கு இல்லாமலில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தாம் தமிழைக் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1916இல் சேலத்தில் இராசாசி முதலியோர் அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் உருவாக்கச் சங்கம் அமைத்தனர். மனித உடலை அறுத்துத் தைக்கும் கலையைத் தமிழில் சொல்ல முடிந்தது. பறக்கும் பொறியின் விதியைச் சொல்ல முடியாதா?

ஒன்றிய அரசின் 'நமோ ட்ரோன் தீதி' திட்டம் மகளிர் சுயவுதவிக் குழுக்கள் 15,000க்கு ட்ரோன் வழங்குவதை இலக்காகக் கொண்டு 2023இல் ஒப்புதல் பெற்றது. அதில் வலவர் பயிற்சி ஐந்து நாள். வேளாண் பயிற்சி பத்து நாள். பத்தாம் வகுப்பைத் தமிழ்வழியில் முடித்துப் பல்லாண்டு கழிந்த ஒரு பெண், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து ஐந்து நாளில் வான்வெளிச் சட்டத்தையும் வானிலையையும் கற்க வேண்டும். அந்த ஐந்து நாளில் இரண்டு நாள் ஆங்கிலச் சொல்லோடு போராடக் கழியுமாயின், அவர் கற்பது எவ்வளவு? அவர் கையில் முன்கூட்டியே ஒரு தமிழ்ச் சிறுநூல் இருந்தால் எவ்வளவு நலம்!

அச்சிறுநூலை ஆக்குவதே தமிழ்த்துறைகளின் கடன் என்கிறோம். இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. நம் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள கல்லூரிகளின் தமிழ்த்துறையும் இயற்பியல் துறையும் ஒரு பருவம் சேர்ந்து அமர்ந்தால் போதும். முதலில் நூறு கலைச்சொற்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம். அடுத்துச் சட்டம், எந்த ஆண்டின் எந்தத் திருத்தம் வரை சேர்க்கப்பட்டது என்பது முதற்பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஆண்டுதோறும் திருத்த வேண்டும். அதன்பின் வினாக்கள், 'எத்தனை அடி' என்று கேட்பதோடு நில்லாமல், 'மேகமலை விளிம்பில் நிற்கிறாய், என்ன செய்வாய்' என்று கேட்பவை. சான்றிதழ் பெற்றுத் தொழில் செய்யும் தொலைவலவர் ஒருவர் வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும்; தமிழாசிரியர் தனித்துச் செய்தால் சொல் அழகாக இருக்கும், பொருள் பிழைக்கும். நம் முதுகலை மாணவர்க்கு ஆய்வேட்டுத் தலைப்பு கிடைக்கவில்லை என்று வருந்தும் நேரத்தில் இதையும் ஒரு தலைப்பாகக் கொடுக்கலாம்.

தேர்வையே தமிழில் நடத்துக என்று பயிற்சி நிறுவனங்களிடமும் அரசிடமும் கேட்பது அடுத்த படி. பாடநூல் ஆயத்தமாக இல்லாதபோது அவ்வேண்டுகோள் வெறுங்கோரிக்கையாக நிற்கும். நூல் கையில் இருக்குமாயின் மறுப்பதற்குக் காரணம் தேடவேண்டியவர்கள் அவர்களே. தமிழ்நாடு அரசும் 2022இல் ஆளில்லா வானூர்திகளுக்கெனத் தனிக் கழகம் ஒன்றை நிறுவியிருப்பதால், கேட்பதற்கு ஓர் இடமும் உண்டு.

இதற்குத் தொடக்கமாக அன்பர்களிடம் ஓர் உதவி வேண்டுகிறோம். கூடலூர், காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, சின்னமனூர், போடி எனப் பள்ளத்தாக்கின் ஊர்கள் ஒவ்வொன்றிலும் உழவரும் மலைத்தோட்டத் தொழிலாளரும் காற்றைக் குறிக்கத் தனிச்சொற்கள் வைத்திருப்பர். எந்தத் திங்களில் எந்தப் பக்கமிருந்து அடிக்கும், எந்நேரம் அடங்கும், எந்த மலைமுகட்டுக்குப் பின்னால் சுழலும் என்பதை அவர்களைப் போல் அறிந்தவர் இலர். அச்சொற்களைத் தத்தம் ஊர்ப் பெரியவரிடம் கேட்டு, ஊர்ப்பெயரோடும் பொருளோடும் எழுதுக. வானிலைப் பாடத்தின் முதற்பக்கத்தில் அவற்றையே வைப்போம்.